ஆறாவது அணில்

ஈட்டி மர நாற்காலியில் செதுக்கியிருந்த அணில் ஒன்று குட்டி போட்டது. பிரசவம் பார்த்தவன் நான். வெந்நீர் வைத்துக் கொடுத்தவள் என் மனைவி லின். தாய்க்கு நூறு வயதுக்குக் குறையாது, குட்டிக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். இருவரும் நலம்.

இதை எங்கள் ஊர்த் தேநீர் மாடியில் நான் முதன்முதலாகச் சொன்னபோது பக்கத்து மேசைக்காரர் சிரித்த சிரிப்பில் அவர் வாயிலிருந்த இறால் கொழுக்கட்டை பறந்துபோய்ச் சன்னலோர மேசையின் கோப்பையில் விழுந்தது. கோப்பைக்குச் சொந்தக்காரர் அதை எடுத்துத் தின்றுவிட்டு நன்றி சொன்னார் என்பது மட்டும் நான் சேர்த்துக்கொண்டது. மற்றதெல்லாம் நடந்தது.

யுன்பூவில் என்னைப் பீரங்கி என்பார்கள். எங்கள் ஆற்று முகத்துவாரத்துப் பக்கம் பொய்யைப் பெரிதாக வெடிக்கிறவனுக்குக் கொடுக்கும் பட்டம் அது. ஆவ் சுங் என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது ஓய்வூதியம் தரும் அலுவலகத்துக்கும் என் மனைவிக்கும் மட்டும் தெரியும். அதிலும் மனைவி கோபம் வந்தால்தான் அதைப் பயன்படுத்துவாள். ஆயுளில் பாதியை மரச்சாமான் தொழிற்சாலையின் பழுதுபார்க்கும் கொட்டகையில் கழித்தேன். இப்போது வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக ஒரு சிறு கொட்டகை, வஜ்ஜிரப் பசை காய்ச்ச ஒரு பானை, கையளவு உளிகள், பேசுவதற்கு நிறைய நேரம். நான் பிடித்த மீன் வீடு வந்து சேர்வதற்குள் பன்றி அளவுக்கு வளர்ந்துவிடும். அப்படி வளர்ந்த பன்றியால் யாருக்கும் ஒரு நஷ்டமும் வந்ததில்லை. என் பேச்சை யாரும் நம்பியதில்லை. நம்ப வேண்டிய அவசியமும் யாருக்கும் ஏற்பட்டதில்லை, போன வசந்தம் வரைக்கும்.

சிங்மிங் வருவதற்குச் சில வாரங்கள் இருந்தன. கல்லறைகளைக் கூட்டித் துடைத்துப் பெரியவர்களுக்குப் படையல் வைக்கும் நாள் அது. அன்றைக்கு ஊரில் ஒரு பன்றியும் உயிரோடு இருக்காது. ஹோ வீட்டு மருமகள் ஷுவாங் மின்சார மூன்று சக்கர வண்டியில் பழைய போர்வை சுற்றிய ஒரு நாற்காலியோடு என் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். அவள் குவாங்ஸி மலைப்பக்கத்துப் பெண். செருப்புத் தொழிற்சாலையில் வேலைக்கு வந்தவள், லாரி ஓட்டும் குவோக்கைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். அவளுடைய மகள் நிங் இந்த ஊர்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். ஆனாலும் காய்கறிக்காரியிலிருந்து கசாப்புக்காரன் வரை எல்லோருக்கும் அவள் வெளி மாகாணத்துக்காரிதான். படுக்கையில் கிடந்த மாமனாரைக் கடைசி நாள் வரை குளிப்பாட்டியவள் அவள். இலையுதிர் காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். இது அவருக்கு முதல் சிங்மிங்.

"மாமா, கைப்பிடி ஆடுது. சிங்மிங்குக்குள்ள சரி பண்ணிக் குடுத்துடுங்க. அத்தை ஃபோஷான்லேர்ந்து வர்றதுக்குள்ள."

"உங்க அத்தைகிட்டச் சொல்லிட்டுத்தானே கொண்டு வந்தே?"

"சொன்னா கை வைக்க விடுவாங்களா? நான் கூட்டினா தரை தேயுதுன்னு சொல்றவங்க மாமா. வந்து பார்த்துட்டு ஒரு வாட்டியாவது நல்லாருக்குன்னு சொல்லட்டும்னுதான்."

அத்தை என்றது மாமனாரின் மூத்த அக்காவை. ஹோ யிம். ரயில் நிலையத்தில் பயணச்சீட்டுக் கொடுத்து ஓய்வு பெற்றவள். அவள் உறுமலுக்குப் பயந்து ரயில்கள் நேரத்துக்கு முன்பே கிளம்பும் என்று நான் சொல்வதுண்டு. எனக்கு அவள் யிம் அக்கா. அவளோடு பிறந்தவர்களில் ஒருவர் வான்கூவரில் மறதி நோயோடு இருக்கிறார், மற்றவர்கள் மேலே போய்விட்டார்கள்.

அந்த நாற்காலியை இறக்கியபோது என் இடுப்பு எனக்கு மட்டும் கேட்கும்படி ஒரு வார்த்தை சொன்னது. கன்னங்கரேலென்ற ஈட்டி. ஓர் ஆணி கிடையாது, எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று செருகிய பொருத்து. கைப்பிடியின் அடியில் உளியால் லேசாகச் சுரண்டினேன். காடி ஜாடியைத் திறந்தது போலப் புளித்த வாடை குப்பென்று வந்தது. நூறு வருடம் ஆனாலும் அந்த மரம் தன் வாடையை மறக்காது. முதுகுச் சட்டத்தின் நடுவில் ஒரு பளிங்கு வட்டம், அதில் மழைக்கால மலை போலச் சாம்பல் ரேகைகள். வட்டத்தைச் சுற்றி மறுபக்கம் தெரியும்படி குடைந்தெடுத்த திராட்சைக் கொடி, கொடியில் ஏறியும் தொங்கியும் அணில்கள். மணப்பெண்ணோடு அனுப்புகிற நாற்காலி என்று பார்த்ததும் தெரியும். திராட்சை போலக் கொத்துக் கொத்தாக, அணில் போலத் துறுதுறுவென்று பிள்ளைகள் பிறக்கட்டும் என்பது செதுக்கியவன் சொல்லும் ஆசி. யிம் அக்காவின் அம்மா அதைச் சீதனமாகக் கொண்டுவந்தாள். அதன் ஜோடி நாற்காலி, பழையதையெல்லாம் உடைக்கச் சொன்ன புரட்சி வருடங்களில் அடுப்புக்குப் போய்விட்டது.

ஹோ வீட்டில் ஒரு வழக்கம் இருந்ததை ஷுவாங்தான் சொன்னாள். பிள்ளை பிறந்தால் ஓர் அணிலை அதன் பெயருக்கு எழுதிவைத்துவிடுவார்கள். ஒவ்வொரு பிறந்தநாளிலும் பிள்ளையின் விரலைத் தேயிலைக் கொட்டை எண்ணெயில் தோய்த்து அதன் அணிலின் தலையில் தேய்க்க வைப்பார்கள். அப்படி ஐந்து பிள்ளைகள், ஐந்து அணில்கள். உச்சியில் இருந்தது யிம் அக்காவுடையது. அவள் தேய்த்த தேய்ப்பில் அதற்குக் காது இல்லை. கீழே இடப்பக்கம் தொங்கியது ஷுவாங்கின் மாமனாருடையது.

"கைய அசைக்க முடியாமப் போன பெறகு நான்தான் அவரு விரலைப் பிடிச்சுத் தேய்ச்சு விடுவேன்," என்றாள். "அப்போ சின்னப் புள்ள மாதிரி சிரிப்பாரு மாமா."

பிரசவம் இப்படித்தான் நடந்தது. வலப்பக்கக் கீழ்மூலையில் மட்டும் திராட்சை இலைகள் கொஞ்சம் மொத்தையாக இருந்தன. செதுக்கியவனுக்கு அன்றைக்குச் சாராயம் சற்று அதிகமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பொருத்தைக் கழற்றத் தட்டியபோது அந்த மூலையில் முடி போல ஒரு கீறல் விழுந்தது. கீறலுக்குள் சாம்பல் நிறம். மரத்துக்குள் சாம்பல் ஏது? மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மேலே கருப்பு அரக்குப் பூச்சு, அடியில் சுண்ணாம்பும் எண்ணெயும் சணல் நாரும் இடித்துக் கலந்த சாந்து. படகுப் பலகைகளின் இடுக்கை அடைக்கிற சாந்து. தச்சன் எவனும் அதைத் தொடமாட்டான். ஹோ வீட்டு நாற்காலி எப்போதாவது நீந்தப் போனதாக நான் கேள்விப்பட்டதும் இல்லை.

லின்னை வெந்நீர் வைக்கச் சொன்னேன். துணியை நனைத்து ஒற்றி ஒற்றி, மூங்கில் சிம்பால் நெம்பினேன். ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. ஒரு மூக்கு வெளியே வந்தது. அப்புறம் ஒரு முன்கால், அது இறுக்கிப் பிடித்திருந்த ஒற்றைத் திராட்சை. லின் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "தலை திரும்பிடுச்சு, இனிமே கஷ்டமில்ல," என்றாள். சாயங்காலத்துக்குள் வால் நுனி வரை வந்துவிட்டது. மற்ற எல்லாவற்றையும் விடச் சின்ன அணில். செதுக்கியவன் சாராயம் குடிக்கவில்லை என்பதும் தெரிந்தது. அந்தச் சின்னதற்குத்தான் அவன் ஒவ்வொரு மயிராக உளி பிடித்திருந்தான்.

என் சந்தோஷத்துக்கு நடுவில் ஒன்று உறுத்தியது. சாந்துக்குள் அடைந்து கிடந்ததன் உடம்பு மங்கலாகத்தான் இருந்தது. ஆனால் தலை மினுங்கியது. யாரோ எண்ணெய் விரலால் தேய்த்த மினுக்கம். உச்சி அணிலைப் போலத் தேய்ந்து போகவில்லை, இரண்டு மூன்று தடவை தேய்த்தது போல அத்தனை மெல்லியது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே என் வாயின் மேல் நம்பிக்கை இல்லாத விஷயங்கள் சில உண்டு.

ஷுவாங் வந்து பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். குனிந்து அதன் மூக்கோடு மூக்கு வைப்பது போலப் பார்த்தாள். "மறுபடி மூடிடவா?" என்று கேட்டேன். பழையபடியே திருப்பிக் கொடுப்பதுதான் பழுதுபார்ப்பவனின் வேலை.

"எத்தனை நாள் இருட்டுல கெடந்துச்சோ. வேணாம் மாமா, பாவம். இருக்கட்டும்."

நாற்காலி ஹோ வீட்டுக்குத் திரும்பியது. சிங்மிங்குக்குச் சில நாள் முன்னால் யிம் அக்கா வந்தாள். அன்றைக்கே கூடத்துக்குள் போய், நின்றபடியே, பார்க்காமலே நாற்காலியின் முதுகில் கை வைத்தாளாம். அந்த வீட்டுக்கு வந்தால் அவள் முதலில் செய்வது அதுதான். விரல்கள் ஒவ்வோர் அணிலாக இறங்கி வந்தன. கீழ்மூலைக்கு வந்ததும் நின்றன. கையைச் சுட்டுக்கொண்டவள் போல எடுத்தாள். ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டாள், தூங்கினாள். மறுநாள் காலை எல்லோரையும் தேநீர் மாடிக்கு அழைத்துப்போனாள்.

யிம் அக்கா கோபத்தை வீட்டில் பரிமாறுவதில்லை. சபை வேண்டும். மாடி நிறைந்திருந்தது. நான் என் வழக்கமான மேசையில் கஞ்சியை ஊதிக்கொண்டிருந்தேன். ஆவி பறக்கும் மூங்கில் தட்டுகள் வந்து இறங்கிய பிறகு அவள் ஷுவாங்கைப் பார்த்து, எல்லா மேசைக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"அசல் எங்க?"

"எது அத்தை?"

"எங்கம்மா நாற்காலி. அதுல அஞ்சு அணில். நீ கூடத்துல வச்சிருக்கறதுல ஆறு. நகல் செஞ்சவனுக்கு எண்ணத் தெரியல போல."

கோப்பைகள் நின்றன. எங்கள் ஊர்க்காரர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. யுன்பூவில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. போன மாதம் செய்த நாற்காலிக்குத் தேயிலைச் சாயம் ஏற்றி, புகை போட்டு, பன்றிக் கொட்டிலில் கொஞ்ச நாள் கட்டிவைத்தால் அது ஏதோ ஓர் அரசவையிலிருந்து வந்துவிடும். அசலைத் தரகனிடம் தள்ளிவிட்டு வீட்டில் நகலை வைத்தவர்களின் கதை தெருவுக்கு ஒன்று உண்டு. ஒவ்வொரு தலையும் ஷுவாங் பக்கம் திரும்பியது. வெளி மாகாணத்துக்காரி, படுத்த மாமனார், ஊர் ஊராகப் போகிற புருஷன். கணக்கு எல்லோருக்கும் சரியாக வந்தது. ஷுவாங் என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்தேன். அந்தக் கணத்தில் மனிதன் எவனும் சொல்லியிருக்க வேண்டியது, "சாந்தை நான்தான் எடுத்தேன் அக்கா," என்பது. ஆனால் சில வாரங்களாக நாக்கின் நுனியில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்த வாக்கியம் முந்திக்கொண்டது.

"இவ மேல பழி போடாதீங்கக்கா. அந்த அணில் குட்டி போட்டுச்சு. நான்தான் பிரசவம் பார்த்தேன்."

இறால் கொழுக்கட்டை பறந்தது அப்போதுதான். மாடிப்படி வரை சிரிப்பு உருண்டது. நான் கையைக் காட்டி அடக்கிவிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஒரு துளி உப்புச் சேர்க்கவில்லை. என் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு பேச்சு பேசியதில்லை. அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். "முகத்தை எப்படி வச்சுக்கறான் பாரு," என்றான் ஒருவன். உண்மையைச் சொல்லும்போது என் முகம் அவ்வளவு பழக்கமில்லாமல் இருந்திருக்கிறது.

"பீரங்கிதான் சாட்சியா?" என்றாள் யிம் அக்கா. "அப்போ சந்தேகமே இல்ல. வித்துட்டா."

"அக்கா, படகுச் சாந்துக்கா. சணல் நாரு போட்டது. அதை வச்சு யாரோ மூடியிருக்காங்க."

அவள் தன் கோப்பையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கோப்பை நிறைந்தது. அவள் நிறுத்தவில்லை. தட்டில் வழிந்து, மேசை விரிப்பில் இறங்கி, அவள் முழங்கை நனைந்தது. அதை நான் மட்டும் பார்த்தேன். பிறகு கெண்டியை வைத்துவிட்டு முன்னைவிட உரக்கச் சொன்னாள்.

"எங்கப்பா வீட்டுல அஞ்சு. எண்ணிக்கை தெரியாதவங்களுக்கு எங்க குடும்பத்துல வேலை இல்ல. மலைக்கு இவ வர வேண்டாம். எங்க தம்பி கல்லறையில இவ கையால ஊதுவத்தி ஏத்தக் கூடாது."

என்னைப் பற்றி நான் எத்தனையோ விதமாக நினைத்ததுண்டு. ஒரு பெண்ணுக்குச் சாட்சி சொன்னால் அது அவளுக்கு எதிராகவே விழுகிற ஆள் என்று நினைத்ததில்லை. அன்று வீட்டுக்கு நடந்துபோன தெரு ரொம்ப நீளமாக இருந்தது. எவ்வளவு நீளம் என்று பெருக்கிச் சொல்லக்கூட மனம் வரவில்லை.

மறுநாள் மதியம் ஷுவாங் கொட்டகைக்கு வந்தாள். அழுத முகம் இல்லை. பக்கத்தில் ஒரு துணிப்பை, மகளின் பள்ளிப் பையும் இருந்தது.

"ஊருக்குப் போறேன் மாமா. பஸ் நாளன்னிக்கு. போறதுக்கு முந்தி வீட்ட விட்டு வந்துட்டேன். சிநேகிதி அறையில இருக்கோம்."

"குவோக் என்ன சொன்னான்?"

அவள் உளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ வித்திருந்தாலும் சொல்லு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னாரு. அன்பாத்தான் சொன்னாரு. கையைக் கூடப் பிடிச்சுக்கிட்டாரு." ஓர் உளியை எடுத்துத் திருப்பி வைத்தாள். "அடிச்சிருந்தா பரவால்ல மாமா," என்றாள்.

யுன்பூவின் பீரங்கி வஜ்ஜிரப் பானையைக் கிளறிக்கொண்டிருந்தது.

"அந்தச் சாந்து இருக்கா?" என்று கேட்டாள்.

சாந்து. நான் அதைப் பெருக்கி ஒரு தட்டில் வைத்திருந்தேன். தட்டு காலியாக இருந்தது. லின்னைக் கூப்பிட்டேன். அவள் யோசித்துவிட்டு, புத்தாண்டுக்கு வாங்கிய கும்குவாட் என்ற சிற்றாரஞ்சுச் செடியின் தொட்டியை மாற்றியபோது தண்ணீர் வடிவதற்காக அடியில் போட்டதாகச் சொன்னாள். "குப்பைன்னு நெனச்சேன். நீதான் உலகத்துக் குப்பையெல்லாம் சேக்கறியே, ஆவ் சுங்."

மூவரும் அந்தச் செடியைப் பிடுங்கினோம். செடியில் நாலு பழம்தான் இருந்தது. ஆனால் வேர் மட்டும் பூமியின் மறுபக்கம் வரை போயிருந்தது. சட்டியோட்டுக்கும் கூழாங்கல்லுக்கும் நடுவில் ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். கழுவி வெயிலில் வைத்தபோது ஷுவாங் பெரிய துண்டு ஒன்றைத் திருப்பினாள். அதன் உள்பக்கத்தில், அச்சில் வார்த்ததைப் போல, ஒரு முகம் குழிந்திருந்தது. குழி மூக்கு, குழிக் கண், குழிந்த ஒற்றைத் திராட்சை. அணிலின் முகத்தின் மேல் ஈரமாக அப்பிய சாந்து அதை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டு இறுகியிருந்தது. நகல் செய்கிறவன் எவனுக்கும் இப்படி ஒன்றைக் கொடுக்க முடியாது.

ஹோ வீட்டுக்குப் போனோம். குவோக் வாசலில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றான். ஷுவாங் அவனைத் தாண்டிப் போனாள். கூடத்தில் யிம் அக்கா நாற்காலிக்கு எதிரே, ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்து அவள் அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை என்று குவோக் பிறகு சொன்னான்.

நான் முழங்காலிட்டு, துண்டுகளை ஒவ்வொன்றாக அந்த மூலையில் பொருத்தினேன். கடைசியில் முகத்துண்டை வைத்து அழுத்தினேன். கதவு சாத்துவது போல உட்கார்ந்தது. அணில் மறைந்தது. நாற்காலியில் மறுபடியும் ஐந்துதான்.

"எண்ணிக்குங்க அக்கா," என்றேன்.

அவள் எழுந்து வந்து, குனிந்து, அந்த மூலையில் விரலை வைத்தாள். சாந்தில் துருத்திக்கொண்டிருந்த சணல் நார் ஒன்றை நகத்தால் இழுத்தாள். பிறகு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

குவோக் எங்கள் பின்னாலேயே உள்ளே வந்திருந்தான். "ஷுவாங், நான்..." என்று ஆரம்பித்தான்.

"உங்களுக்குப் புரிஞ்சா போதுமா? தேநீர் மாடியில அத்தனை பேர் முன்னாடி என்னைத் திருடின்னு சொன்னாங்க. நிங் பள்ளிக்கூடத்துல அதைக் கேட்டுட்டு வந்துட்டா. எங்க சொன்னாங்களோ அங்க அவங்க வாயால சொல்லணும். இல்லேன்னா பஸ் இருக்கு."

சிங்மிங் அன்று ஹோ குடும்பம் மலைக்குப் போனது. முழுதாகச் சுட்ட பன்றியை குவோக் தோளில் சுமந்தான். ஷுவாங் போகவில்லை. யிம் அக்கா கல்லறையில் ஊதுவத்தி மட்டும் ஒன்று கூடுதலாக ஏற்றினாள் என்று கேள்விப்பட்டேன். யாருக்கு என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

அடுத்த நாள் பஸ் மதியத்துக்கு. காலையில் ஷுவாங் மகளோடு தேநீர் மாடிக்கு வந்து, நடு மேசையில், பைகளைக் காலடியில் வைத்து உட்கார்ந்தாள். சன்னலோரம் யிம் அக்காவும் குவோக்கும். இரண்டு மேசைகளுக்கும் நடுவில் தட்டு வண்டிகள் போய்வந்தன. யாரும் யாரையும் பார்க்கவில்லை. மாடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடியாரம் ஓடிக்கொண்டிருந்தது. யிம் அக்கா கோழிக் காலைச் சாப்பாட்டுக் கோலால் புரட்டிப் புரட்டி வைத்தாள்.

என்னிடம் இருப்பது ஒரே ஓர் ஆயுதம். எழுந்து நின்றேன்.

"கேட்டுக்குங்க," என்றேன். "ஹோ வீட்டு நாற்காலி அணில் குட்டி போட்டது நெசம்."

அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டார்கள். "பால் குடிக்குதா பீரங்கி?" "பேரு வச்சாச்சா?" "உனக்கு முட்டை குடுத்தாங்களா?" பிள்ளை பிறந்த வீட்டில் சிவப்பு முட்டை பங்கிடுவது எங்கள் வழக்கம். மூலையிலிருந்து ஒருவன், "அப்பன் குவாங்ஸிக்காரனாம்," என்றான். அதற்குத்தான் பெரிய சிரிப்பு எழுந்தது. நிங் தலையைக் குனிந்துகொண்டாள். ஷுவாங் பையின் வாரை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள்.

யிம் அக்கா எழுந்தாள். தன் மேசைக் கெண்டியைத் தூக்கிக்கொண்டு நடுவில் நடந்து வந்தாள். வண்டி தள்ளும் பெண் ஒதுங்கி நின்றாள். ஷுவாங்கின் கோப்பையில் அவள் தேநீர் ஊற்றினாள். மூத்தவள் ஊற்றினால் இளையவள் இரண்டு விரலை மடக்கி மேசையைத் தட்டி நன்றி சொல்ல வேண்டும். அது மூச்சு விடுவது போல எங்களுக்குத் தானாக வரும். ஷுவாங்கின் கை மடியிலேயே இருந்தது.

"சிரிச்சது போதும்," என்றாள் யிம் அக்கா. குரல் பயணச்சீட்டு சன்னல் குரல் இல்லை. மாடி அடங்கியது.

"எங்கம்மா ஆறு பெத்தா. கடைசி ஒரு பொண்ணு. பஞ்ச வருஷத்துல ரெண்டு வயசு அதுக்கு. படகுலயே குடியிருக்கறவங்க கேட்டாங்க. அங்க போனா மீனாவது கெடைக்கும்னு குடுத்தாங்க. அம்மாவால எழுந்து நிக்க முடியல. நான்தான் முதுகுல கட்டித் தூக்கிட்டுப் போனேன். படித்துறை வர்றதுக்குள்ள தூங்கிடுச்சு. அவுத்துக் குடுத்தப்பவும் முழிச்சுக்கல."

அவள் கெண்டியைக் கீழே வைக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அப்பா அந்தப் படகுக்காரன்கிட்டயே ஒரு கை சாந்து வாங்கிட்டு வந்தாரு. அம்மா அந்த நாற்காலிப் பக்கம் திரும்ப மாட்டேன்னா. அன்னிக்கே மூடிட்டாரு. அதுக்கப்புறம் யாரு கேட்டாலும் அஞ்சு. நானும் அஞ்சு அஞ்சுன்னு எண்ணி... அஞ்சாவே ஆயிடுச்சு." மூச்சு விட்டாள். "இவ எதையும் விக்கல. அது எங்க வீட்டு நாற்காலிதான். நான்தான் பொய் சொன்னேன்."

சன்னலோரம் குவோக் எழுந்து நின்றவன் அப்படியே நின்றான். ஷுவாங்கின் வலது கை மடியிலிருந்து மெல்ல மேலே வந்தது. இரண்டு விரல்கள் மடங்கின. மேசையைத் தொடவில்லை. கோப்பையின் ஆவிக்கு மேலே, அந்தரத்தில் நின்றன. அவள் காலடியில் பையின் வாய் திறந்தே கிடந்தது.

யிம் அக்கா என் பக்கம் திரும்பினாள். இத்தனை வருடத்தில் அவள் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பீரங்கி."

"சொல்லுங்கக்கா."

"போட்டுச்சுடா," என்றாள். "உன் கையாலதான் திரும்பப் பொறந்துச்சு. எங்க வீட்டுக் கடைக்குட்டி."